வடகம் சிப்ஸைக் கண்டுபிடித்தவர்கள்

சிப்ஸ் கடைக்காரியிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை, "சூடா இருக்குதா?" என்றுதான் கேட்பார்கள், அதுவும் சிப்ஸைப் பற்றி.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. நம் புடவையை எத்தனை முறை அலசினாலும் வாசனை போகாது. பட்டுக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலிக்காரி மூக்கை லேசாக உறிஞ்சிவிட்டு, "நீங்க அந்தக் கடை அம்மாதானே?" என்பாள். இந்த அவமானத்தை அனுபவித்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். கணவர் வில்லியனூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சிப்ஸ் கடை வைத்திருந்தார். அவர் ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பது வயது. காரியம் முடிந்த மறுநாளே கடையின் வறுவல் மாஸ்டரும் வேறு கடைக்குப் போய்விட்டார். யாப்பிலக்கணம் தெரிந்த நான் ஜல்லிக்கரண்டியைக் கையில் எடுத்தேன்.

இன்றைக்குப் புதுச்சேரிப் பக்கம் பெட்டிக்கடைதோறும் தொங்குகிற வடகம் சிப்ஸ் எங்கள் கடைச் சட்டியில்தான் முதன்முதலில் உண்டானது. ஆனால் அதை உண்டாக்கியவள் நான் அல்ல. ரோசாலி. அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் வராமல் போனதற்கு நான் ஒருத்திதான் காரணம். அதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தூங்கும் கிழங்கு

கடையை நான் ஏற்ற முதல் மாதத்தில் போட்ட சிப்ஸ் எல்லாம் கருத்துப் போனது. எண்ணெயை மாற்றினேன். அடுப்பைத் தணித்தேன். உருளைக்கிழங்கை இன்னும் மெல்லிசாகச் சீவினேன். வெள்ளையாக உள்ளே போவது பனங்கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தது. வாங்க வந்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. மாதா கோயிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிறிஸ்தவக் கிராமத்துக்காரி, கரும்பு வெட்டு முடிந்து வேலை இல்லாமல் இருந்தவள். அவள் சிப்ஸைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த மூட்டையைப் பார்த்தாள். குனிந்து ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறி நாக்கில் வைத்துக்கொண்டாள். "இனிக்குது" என்றாள். பிறகு, ஏதோ நெடுநாள் பழகியவள்போல என்னைக் கடிந்துகொண்டாள்: "ஐஸ் ரூம்ல வெச்ச கெழங்குக்கா இது, இனிப்பு ஏறிப் போச்சி, அதான் கருகுது. இன்னும் தூங்கினு இருக்குது. பத்து நாளு வெளிய கொட்டி எழுப்பிட்டு அப்பறமா சட்டில போடு!"

காது

கிழங்கு பத்து நாளில் விழித்துக்கொண்டது. ரோசாலி பதினோராவது நாளிலிருந்து எங்கள் கடையில் வேலைக்கு வந்தாள்.

அவள் சிப்ஸைக் கண்ணால் பார்த்து எடுக்கமாட்டாள். காதால் கேட்டு எடுப்பாள். ஈரச் சீவல் எண்ணெயில் விழும்போது அடைமழையின் சத்தம் கேட்கும். ஈரம் குறையக் குறைய அது தூறலாகும். பிறகு கூரையிலிருந்து சொட்டும் சொட்டாகும். அந்தச் சொட்டும் நின்ற கணத்தில் கரண்டி உள்ளே போய்விடும். எனக்கு ஓசை நயம் பற்றிப் பாடமே இருந்தது. நானும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நாள் நின்று பார்த்தேன். ஒன்று பச்சையாக எடுத்தேன், அல்லது தீய விட்டேன். காரணம் கேட்டபோது அவள் சிரித்தாள். "நீ மழைய ரசிச்சினு நிக்கிற. அது எப்போ வுடும்னு பாக்கணும்க்கா."

கரண்டி நழுவிய வெள்ளிக்கிழமை

வடகம் என்றதும் வெளியூர்க்காரர்கள் அரிசிக் கூழில் பிழிவதை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து வடகம் வேறு. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடித்துக் கோடை வெயிலில் காயவைப்பது. குழம்பு தாளிக்கக் கிள்ளிப் போட்டால் தெருமுனை வரைக்கும் தெரியும்.

ரோசாலிக்கு ஒரு பழக்கம். வீட்டிலிருந்து குழம்பைத் தாளிக்காமல் கொண்டுவருவாள். காலையில் தாளித்தால் மத்தியானத்துக்குள் மணம் செத்துவிடும் என்பாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு குழிக்கரண்டியைக் கடைச் சட்டியில் முக்கி, கொதிக்கிற எண்ணெய் கொஞ்சம் மொண்டு, அதில் வடகத்தைக் கிள்ளிப் போட்டு, பொரிந்ததும் தூக்குவாளியில் ஊற்றி மூடிவிடுவாள். அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து ஒருபொழுது, கத்திரிக்காய்க் குழம்பு காத்திருந்தது. பசியில் கவனம் தப்பியதோ என்னவோ, கரண்டி நழுவி, கையிலிருந்த முழு உருண்டையும் சட்டிக்குள் விழுந்துவிட்டது. உள்ளே அப்போது ஒரு ஈடு சிப்ஸ் வெந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். ஒரு சட்டி எண்ணெய் பாழ் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நோன்பிருக்கும் ஒருத்தியிடம் சொல்லக்கூடாதவை. அவள் எல்லாவற்றையும் அரித்து எடுத்துத் தட்டில் கொட்டினாள். சிப்ஸ்மேல் கடுகும் சிவந்த வெங்காயத் தூளும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்டுக்குப் போடலாம் என்று ஓரமாக வைத்தேன். வண்டி மாற்ற இறங்கிய பேருந்து நடத்துநர் ஒருவர் கேட்காமலே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். "இன்னாம்மா இது? எங்க வூட்டு மீன்கொழம்பு சட்டிய தொறந்தா மாதிரி கீது. அப்பிடியே மொத்தத்தையும் கட்டு!"

பெயர் சூட்டு விழா

விபத்து ஒரு முறை நடந்தால் விபத்து. அதைத் தினமும் நடத்த வேண்டுமானால் வேலை தெரிய வேண்டும். வடகத்தை நேராகச் சட்டியில் போட்டால் அடுத்த ஈட்டுக்குள் கருகிக் கசந்தது. பொடித்துத் தூவினால் பச்சை வாடை அடித்தது. வறுத்துத் தூவினால் சிப்ஸ் நமத்தது. ரோசாலி இரண்டு மாதம் விடவில்லை. கடைசியில் விளக்கெண்ணெய்ப் பசை போக இரும்புச் சட்டியில் நின்று நிதானமாக வறுத்து, வறமிளகாயும் உப்பும் சேர்த்து இடித்து, சிப்ஸ் சூடு ஆறுவதற்குள் முறத்தில் போட்டுப் புடைத்துப் பார்த்தாள். அது ஒட்டியது, மணத்தது, மொறுமொறுப்பும் போகவில்லை. வடகமும் அவள் வீட்டு மாடியில் அவளே காயவைத்ததுதான்.

இவ்வளவு நாளும் நான் செய்தது, ருசி பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்றும் "போதும்" என்றும் சொன்னது மட்டுமே. ஆனால் பெயர் வைக்கும் உரிமை படித்தவளுக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு அட்டையில் அழகிய எழுத்தில் "நறுமணத் தாளிப்பு வறுவல்" என்று எழுதித் தொங்கவிட்டேன். மூன்று நாள் ஒருவரும் கேட்கவில்லை. நான்காவது நாள் ஆட்டோ ஓட்டும் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கவலையோடு சொன்னார்: "ஏம்மா, நாட்டு மருந்து கட பேரு மாதிரி கீதே. வடகம் சிப்ஸுன்னு எழுதித் தொலையேன், பாக்கறவனுக்கு எச்சி ஊறட்டும்!"

நம்பாத மூக்கு

அட்டையை மாற்றினேன். கூட்டம் வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. இந்தப் பக்கத்தில் வடகத் தாளிப்பு என்றாலே நாக்குக்கு மீன்குழம்புதான் நினைவு. வாசனையை வைத்து, நாங்கள் கருவாட்டுப் பொடி தூவுகிறோம் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

பாகூரிலிருந்து வரும் பள்ளி ஆசிரியர் ஒருவர், சுத்த சைவம், தினமும் கடைக்கு எதிரே பேருந்துக்கு நிற்பார். நின்ற இடத்திலிருந்தே மூச்சை இழுத்து விடுவார். ஒரு வாரம் பொறுத்துவிட்டு நானே கூப்பிட்டேன். ரோசாலி உரலில் இருந்ததை அள்ளி அவர் முன்னால் காட்டி, வெங்காயம், பூண்டு, உளுந்து என்று ஒவ்வொன்றாக விரலால் பிரித்து வைத்தாள். "சார், கவுச்சி தொடாத நோன்பு நாப்பது நாளும் நான் இந்த வடகத்ததான் தாளிச்சித் துன்னேன் சார்" என்று சிலுவையைத் தொட்டுக் காட்டினாள். அவர் ஒரு சீவலை நுனியில் கடித்தார். முகம் மலர்ந்தது, உடனே அதே முகத்தில் குற்ற உணர்ச்சியும் வந்தது. "மீன் இல்லன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க, நான் நம்பறேம்மா. இந்த மூக்குதான் நம்ப மாட்டேங்குது."

எல்லை தாண்டிய வாசனை

சோரியாங்குப்பத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கேயிருந்து நம் பக்கத்துக்கு எதற்கு ஆட்கள் வருகிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. சோரியாங்குப்பத்து மதுக்கடை ஒன்றில் தொட்டுக்கொள்ள வைக்க வேண்டுமென்று வாரம் இரண்டு மூட்டை வடகம் சிப்ஸ் எடுத்துப் போனார்கள். குடித்தவர்கள் மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லை கடந்தார்கள். வடகம் சிப்ஸ் கடலூர்ப் பக்கம் போனது அப்படித்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வழி அல்ல.

ஒரு நாள் அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் இரண்டு பேருந்து மாறி எங்கள் கடையைத் தேடி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கல்லாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ரோசாலி சட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தாள். அந்த அம்மா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, தான் மட்டும் தின்பதற்கு என்று அழுத்திச் சொல்லிவிட்டு, விவரத்தையும் சொன்னார்: "சாராய நாத்தம் தெரியக்கூடாதுன்னு எங்க வூட்டுக்காரு இத்த துன்னுட்டு வருவாரும்மா. இப்போ இந்த வாசன தெருவுல வந்தாலே பசங்க கதவ சாத்திடுதுங்க."

அந்தக் கேள்வி

இனி வரப்போவதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியாது.

தின்பண்டங்களைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு கம்பெனியின் மேலாளர் காரில் வந்து இறங்கினார். சிப்ஸைத் தின்றார், தலையாட்டினார், இன்னும் கொஞ்சம் தின்றார். பிறகு கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இது யாரோட ஐடியா மேடம்?" ரோசாலி நான்கு அடி தள்ளிச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் என்னை மேடம் என்று அழைத்தார். என் மேஜைமேல் கிடந்த கவிதைப் புத்தகத்தைப் பார்த்து, "படிச்சவங்க கை பட்டா தனிதான்" என்றார். கணவர் போனபிறகு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "எங்க வீட்டுப் பக்குவம்" என்றேன். மூன்றே சொல். மூன்றும் என் வாயிலிருந்து தளை தட்டாமல் வந்தன.

அவர் என்னைத் தட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். படத்துக்குக் குறுக்கே வந்துவிடாமல் ரோசாலி ஒதுங்கிக்கொண்டாள். கார் போனபிறகு அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்குக் காரணங்கள் தயாராக இருந்தன. கடை என்னுடையது, சட்டி என்னுடையது, எண்ணெய் என்னுடையது. அவள் அடுப்பைப் பார்த்தபடியே ஒன்றுதான் கேட்டாள்: "எண்ண காயுது. கெழங்க சீவட்டுமாக்கா?"

மூக்குத்தி

மூன்று மாதத்தில் பொட்டலம் வந்தது. பச்சைத் தாளில் என் முகத்தைச் சித்திரமாகப் போட்டிருந்தார்கள். வயதைக் கூட்டி, தலையை வெள்ளையாக்கி, மூக்கில் பெரிய மூக்குத்தி ஒன்றும் வைத்து, கீழே "வில்லியனூர் ஆயா வடகம் சிப்ஸ்" என்று எழுதியிருந்தார்கள். வடகப் பொடிக்குப் பதில் ஏதோ வாசனைத் தூள். தின்றால் வடகத்தைப் பற்றி யாரோ தொலைபேசியில் சொல்வதுபோல இருந்தது. ஆனாலும் பொட்டலங்களைக் கடை முகப்பில் மாலைபோலத் தொங்கவிட்டேன். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ரோசாலி அடுத்து வந்த ஈஸ்டர் வரைக்கும் வேலைக்கு வந்தாள். அதன் பிறகு மாமியாருக்கு முடியவில்லை என்றாள். மாமியாருக்கு முடியாமல்தான் இருந்தது. அது பொய் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டும் முடியாமல்தான் இருந்தது, அப்போது வந்துகொண்டுதான் இருந்தாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கடைசி நாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, முகப்பில் தொங்கிய சரத்திலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவோமா என்று நினைத்தேன். அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டுக்கிறாங்க. ஆனா நீ மூக்கே குத்திக்கலியேக்கா?"

தேர்க் கூட்டத்தில் ஒரு வரலாறு

அவள் போன பிறகு கடை வடகம் வாங்கி இடித்தேன். அளவு எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருந்தது. ஆனால் பகல் வெயிலில் காய்ந்ததை இரவில் எப்படி மூடிவைத்தாள், எத்தனையாவது நாள் மறுபடி உடைத்துப் பிசைந்தாள், இவை நான் எழுதி வைக்காதவை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பழைய வாடிக்கைக்காரர்கள் குறை சொல்லவில்லை. அரைக் கிலோ வாங்கியவர்கள் கால் கிலோ வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தேன். கடற்கரை மணலில் வரிசையாகக் கடைகள். ஏழு கடைகளில் வடகம் சிப்ஸ். ஏழிலும் "ஒரிஜினல்" என்று பலகை. ஒன்றில் வாங்கித் தின்றுபார்த்தேன்; என்னுடையதைவிட மோசம் என்று சொல்ல முடியவில்லை. "இது எங்கேயிருந்து வந்தது தம்பி?" என்றேன். தலையில் சிவப்புத் துண்டு கட்டிய அந்தக் கடைக்காரர் கரண்டியை நிறுத்தி, எனக்கு வரலாறு சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். மறுக்க எனக்கு என்ன யோக்கியதை? "இத்த கண்டுபுடிச்சதே எங்க பெரியப்பாதாம்மா. வில்லியனூர்ல ஒரு கெழவி திருடிகினு போயி அவ மூஞ்சிய போட்டுக்கினா."

ஒரு முகம் போதும்

சென்ற ஆண்டு யூடியூபில் சாப்பாட்டுக் காணொளி போடும் ஒரு வாலிபர் வந்தார். கடை, சட்டி, தெரு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, என் புடவைத் தலைப்பில் மைக்கைச் செருகி, "ஆயா, இந்த டேஸ்ட்ட எப்டி கண்டுபுடிச்சீங்க?" என்றார். தேர்க் கடைக்காரரின் சொல் உள்ளேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். ரோசாலி என்று ஒருத்தி, நோன்பு வெள்ளி, கரண்டி நழுவியது, இரண்டு மாதம் அவள் பட்ட பாடு, நான் சொன்ன மூன்று சொல். கண் கலங்கியது. கலங்கியதையும் படம் எடுத்துக்கொண்டார்.

காணொளி வெளிவந்தபோது அந்த அழுகை இருந்தது, ரோசாலி இல்லை. "தனி ஆளா நின்னு ஜெயிச்ச ஆயா" என்று தலைப்புப் போட்டு, என் கண்ணீருக்குப் பின்னால் ஒரு சோகப் புல்லாங்குழலும் சேர்த்திருந்தார். போன் செய்து சண்டை போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எனக்குத் தொழிலை விளக்கினார். "அந்தக் கத நல்லாத்தான் இருந்துச்சி ஆயா. ஆனா ஒரு வீடியோவுல ரெண்டு பேரு இருந்தா யாருக்காக அழறதுன்னு ஜனங்களுக்குக் கொழப்பமா பூடும்."

பண்டசோழநல்லூர்ப் பேருந்து

அந்தக் காணொளியைத் தன் மகள் செல்போனில் ரோசாலி பார்த்திருப்பாள் என்ற நினைப்பில் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பண்டசோழநல்லூரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் புதுப் பலகை ஒன்று எழுதச் சொன்னேன். "ரோசாலி வடகம் சிப்ஸ்." நீல நிறத்தில் நன்றாகவே எழுதிக் கொடுத்தார். அதைச் செய்தித்தாளில் சுற்றி, காலையில் போட்ட சிப்ஸ் ஒரு கிலோவும் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

அவள் வாசலில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. "வாக்கா, இந்த வெய்யில்ல இன்னாத்துக்கு வந்த?" என்று சொல்லி, நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. பலகையைப் பிரித்துக் காட்டி, "அன்னைக்கி நான் சொன்னது பொய், ரோசாலி. நாளைக்கே இதை மாட்டப் போறேன். எல்லாருக்கும் தெரியட்டும், இது உன்னுது" என்றேன். அவள் பலகையை விரலால் தொட்டு, தன் பெயரை ஒரு முறை வாசித்தாள். முகம் ஒரு கணம் இளகியது என்றுதான் நினைக்கிறேன். "குந்துக்கா மொதல்ல" என்றாள்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு சீவலை எடுத்துக் காதருகே உடைத்துக் கேட்டாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இன்னொன்றும் எடுத்து மென்றாள். நான் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையிலிருந்த தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பலகையைப் பழையபடி செய்தித்தாளில் சுற்றி, நூலையும் கட்டி, குழந்தையை ஒப்படைப்பதுபோல என் மடியில் வைத்தாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இது என்னுது இல்லக்கா. யாருதுன்னு வெசாரிச்சி அவங்க பேர எழுது."

வீராம்பட்டினம் முதல் கடலூர் வரைக்கும் இன்றைக்கு வடகம் சிப்ஸைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஒரு ஊரையே நிரப்புவார்கள்; தான் இல்லை என்று சொல்லும் ஒரே ஆள், கண்டுபிடித்தவள்.